மொழி மாறும் அளவுகோல்: வாழ்க்கைத் தர வினாப்பட்டியல்கள் எல்லை கடந்த வரலாறு

உடல்நலம் சார்ந்த வாழ்க்கைத் தரத்தை அளக்கும் வினாப்பட்டியல்கள் மருத்துவத்தின் அளவீட்டுக் கருவிகளில் காலத்தால் பிந்தியவை. மாடிப்படி ஏற முடிகிறதா, வலி தூக்கத்தைக் கெடுக்கிறதா, நாலு பேரோடு பழகுவதற்கு நோய் தடையாக இருக்கிறதா என்று அவை நோயாளியையே கேட்கின்றன. பதில்களுக்கு மதிப்பெண் இட்டுக் கூட்டினால் ஓர் எண் கிடைக்கும். ஒரு மருந்து பயன் தருகிறதா, ஓர் அறுவை சிகிச்சைக்குப் பொதுப்பணத்தைச் செலவிடலாமா என்ற முடிவுகள் வரை அந்த எண்ணின் செல்வாக்கு நீள்கிறது.

இந்தப் பட்டியல்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆங்கிலத்தில் உருவானவை. வேறு மொழி பேசும் நோயாளியிடம் அவற்றைக் கொண்டுபோகும்போது, சொற்கள் மாறிய பிறகும் பட்டியல் அதே பொருளைத்தான் அளக்கிறதா என்ற கேள்வி எழுகிறது. அதற்கு விடை காணும் சோதனை முறை 1970 தொடங்கிச் சுமார் நாற்பது ஆண்டுகளில், பல நாடுகளின் அனுபவத்திலிருந்து படிப்படியாக உருவானது.

மருத்துவரின் கணிப்பிலிருந்து நோயாளியின் பதிலுக்கு

1946-இல் கையெழுத்தாகி 1948-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்புச் சட்டம், நோய் இல்லாமை மட்டுமே நலம் ஆகாது என்றும், உடல், மனம், சமூக வாழ்வு மூன்றும் நிறைவாக இருப்பதே நலம் என்றும் வரையறுத்தது. அந்த வரையறையை அளந்து பார்க்க அப்போது கருவி ஏதும் இல்லை. அதே காலத்தில் நியூயார்க்கில் புற்றுநோய் மருத்துவர்கள் டேவிட் கர்னோஃப்ஸ்கியும் ஜோசப் பர்ச்சனாலும் ஓர் அளவுகோலை முன்வைத்தனர். இயல்பாக நடமாடுபவருக்கு 100, இறந்தவருக்கு 0, இடையில் பத்துப் பத்தாகப் படிகள். மருந்து கட்டியைச் சுருக்கியதோடு ஆளை எழுந்து நடமாட வைத்ததா என்று பார்ப்பதில் அது ஒரு பெரிய அடி. ஆனால் மதிப்பெண் போட்டவர் மருத்துவர்; நோயாளி என்ன நினைக்கிறார் என்பதற்கு அதில் இடமில்லை.

1970-களில் நிலைமை மாறியது. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மரிலின் பெர்க்னர் குழுவினர் நோய்த் தாக்க வரைவு என்ற பட்டியலை உருவாக்கினர். 136 வாக்கியங்கள், 12 பிரிவுகள். தமக்குப் பொருந்துவதை நோயாளி குறிக்க வேண்டும். பிரிட்டனில் சோன்யா ஹன்ட், ஜேம்ஸ் மெக்யூவன், ஸ்டீஃபன் மெக்கென்னா ஆகியோரின் நாட்டிங்காம் உடல்நல வரைவு 1980-களின் தொடக்கத்தில் வெளிவந்தது. வலி, நடமாட்டம், தூக்கம், தெம்பு, மனநிலை, தனிமை என ஆறு பகுதிகளில் 38 வாக்கியங்கள். சாதாரண மக்கள் தம் நோயைப் பற்றிப் பேசும் பேச்சிலிருந்தே அவை திரட்டப்பட்டன. அமெரிக்காவில் ராண்ட் நிறுவனத்தின் காப்பீட்டு ஆய்விலும் அதைத் தொடர்ந்த மருத்துவ விளைவுகள் ஆய்விலும் வேர்கொண்டு, ஜான் வேர், கேத்தி ஷெர்போர்ன் இருவரின் பெயரில் 1992-இல் வெளியான எஸ்.எஃப்.-36 உலகில் மிகப் பரவலாகப் பயன்பட்ட பட்டியல்களுள் ஒன்றானது. 36 கேள்விகள், எட்டு அளவுகோல்கள், ஒவ்வொன்றிலும் 0 முதல் 100 வரை மதிப்பெண்.

குவாம் தீவின் சோதனை

முதல் மொழிபெயர்ப்புகள் தேவையிலிருந்து பிறந்தன. அமெரிக்க மருத்துவமனைகளுக்கு வந்த மெக்சிகோ வம்சாவளியினர் பலர் ஸ்பானிய மொழி பேசினர்; அவர்களுக்காக நோய்த் தாக்க வரைவு ஸ்பானிய மொழிக்குப் போனது. மொழிபெயர்ப்பு சரியா என்று பார்க்க அப்போது கைவசம் இருந்த உத்தி திருப்பி மொழிபெயர்த்தல். ஒருவர் ஆங்கிலத்திலிருந்து பெயர்ப்பார். மூலத்தைப் பாராத இன்னொருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்குவார். இரண்டு ஆங்கில வடிவங்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுவார்கள்.

இந்த உத்திக்கு இலக்கணம் வகுத்தவர் உளவியலாளர் ரிச்சர்ட் பிரிஸ்லின். 1970-இல் வெளியான அவரது ஆய்வுக்குக் குவாம் பல்கலைக்கழகத்தின் இருமொழியாளர்கள் 94 பேர் உதவினர். பத்து மொழிகளைச் சேர்ந்த அவர்கள் ஆறு கட்டுரைகளைப் பெயர்த்தும் திருப்பிப் பெயர்த்தும் கொடுத்தனர். பேசுபொருளும் வாக்கியத்தின் கடினமும் மொழிபெயர்ப்பின் தரத்தைப் பாதிக்கும் என்பது அதில் தெரியவந்தது. பெயர்ப்பதற்கு எளிதான ஆங்கிலத்தை எழுதுவது எப்படி என்ற அறிவுரைகளும் அங்கிருந்தே வந்தன: சிறு வாக்கியம், செய்வினை, உருவகம் தவிர்த்தல்.

திருப்பிப் பெயர்க்கும் முறையின் குறையும் விரைவில் வெளிப்பட்டது. சொல்லுக்குச் சொல் பெயர்த்த கரடுமுரடான வாக்கியம்தான் திருப்பும்போது மூலத்தை அச்சு அசலாகத் தரும். இயல்பாக எழுதிய நல்ல வாக்கியம் திரும்பி வரும்போது மூலத்திலிருந்து சற்று விலகியிருக்கும். ஆங்கில மூலத்தோடு ஒத்துப்போவதையே சான்றாகக் கொண்டால் கரடுமுரடானது தேறிவிடும், நல்லது தோற்றுவிடும். மேலும், மொழிபெயர்ப்பாளர்கள் இருவருமே படித்தவர்கள், இருமொழி அறிந்தவர்கள். பதில் சொல்லப்போகிறவரோ பெரும்பாலும் ஒரு மொழி மட்டும் தெரிந்தவர்.

1984-இல் ரிச்சர்ட் டேயோ அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழில் வெளியிட்ட ஆய்வு இந்த ஐயத்துக்குச் சான்று தந்தது. நோய்த் தாக்க வரைவின் ஆங்கில வடிவத்தையும் ஸ்பானிய வடிவத்தையும் அவர் ஒப்பிட்டார். மெக்சிகோ வம்சாவளியினரிடம் ஸ்பானிய வடிவத்தின் ஏற்புடைமை, அதாவது அளக்க வேண்டியதையே அளக்கும் தன்மை, ஆங்கில வடிவத்தின் அளவுக்கு உயரவில்லை. மொழிபெயர்ப்பு முடிந்த இடத்தில் வேலை முடிவதில்லை என்பதை மருத்துவ உலகம் இதிலிருந்து கற்றது.

நாட்டிங்காம் வரைவைப் பிற ஐரோப்பிய மொழிகளுக்குக் கொண்டுசென்றவர்கள் வேறொரு வழியைத் தேர்ந்தனர். முதலில் இருமொழியாளர் குழு ஒன்று கூடி உட்கார்ந்து, பேசிப் பெயர்க்கும். பிறகு அந்த மொழி மட்டுமே தெரிந்த சாதாரண மக்களின் குழு ஒன்று, ஆங்கில மூலத்தைப் பாராமல், வாக்கியங்கள் தம் பேச்சுக்கு ஒத்து வருகின்றனவா என்று பார்த்துத் திருத்தும். மெக்கென்னா குழுவினர் பிற்காலத்திலும் உறுதியாகப் பரிந்துரைத்த இந்த இரட்டைக் குழு முறையில் திருப்பிப் பெயர்த்தலே கிடையாது.

தெருக்கட்டங்களும் கோல்ஃப் ஆட்டமும்

எஸ்.எஃப்.-36 அமெரிக்காவை விட்டு வெளியேறியபோது முதல் தடை ஆங்கிலத்துக்குள்ளேயே வந்தது. ஒரு தெருக்கட்டம் நடக்க முடியுமா, பல தெருக்கட்டங்கள் நடக்க முடியுமா என்பது அமெரிக்க மூலத்தின் கேள்வி. சதுரம் சதுரமாகத் தெருக்கள் ஓடும் ஊர்க்காரருக்கு அது பழகிய அளவு. பிரிட்டனில் அப்படி யாரும் தூரத்தைச் சொல்வதில்லை. அங்கே அது நூறு கஜம், அரை மைல் என மாறியது. உற்சாகத்தையும் மனச்சோர்வையும் குறிக்கும் அமெரிக்க வழக்குச் சொற்களும் பிரிட்டனின் பேச்சு வழக்குக்கு மாற்றப்பட்டன. மிதமான உழைப்புக்கு மூலம் தந்த எடுத்துக்காட்டுகள் மேசை நகர்த்துதல், தூசி உறிஞ்சும் இயந்திரத்தைத் தள்ளுதல், பவுலிங், கோல்ஃப். கோல்ஃப் ஆடாத நாடுகளில் அதே அளவு மூச்சு வாங்கும் வேறு வேலையைத் தேட வேண்டியிருந்தது.

இதை ஒழுங்காகச் செய்ய 1991-இல் சர்வதேச வாழ்க்கைத் தர மதிப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. மேற்கு ஐரோப்பிய நாடுகளும் ஆஸ்திரேலியா, கனடா, ஜப்பான் ஆகியவையும் அதில் சேர்ந்தன. அத்திட்டத்தின் கட்டுரைகள் 1998-இல் மருத்துவக் கொள்ளைநோயியல் இதழ் ஒன்றின் சிறப்பிதழாகத் தொகுக்கப்பட்டன. கேள்விகளோடு பதில்களையும் அவர்கள் சோதித்தனர். மிக நன்று, நன்று, சுமார் என்று வரிசையாக நிற்கும் பதில்களுக்கு இடையே உள்ள தூரம் எல்லா மொழியிலும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு மொழியில் ‘சுமார்’ என்பது நடுவில் நிற்கும். இன்னொன்றில் அது கிட்டத்தட்ட ‘மோசம்’ என்றே ஒலிக்கும். கேள்வியைச் சரியாகப் பெயர்த்தும் பதில் வரிசை பிசகினால் மதிப்பெண் பிசகிவிடும்.

சமன்மையின் ஆறு முகங்கள்

1993-இல் ஃபிரான்சிஸ் கியெமன், கிளேர் பாம்பார்டியர், டார்கஸ் பீட்டன் ஆகியோர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து ஒரு வழிகாட்டி எழுதினர். 2000-இல் அது மேலும் செப்பமானது. இருவர் தனித்தனியே பெயர்த்தல், இரண்டையும் ஒன்றாக்கல், இருவர் திருப்பிப் பெயர்த்தல், மருத்துவர், மொழியறிஞர், மொழிபெயர்ப்பாளர் அடங்கிய குழு கூடி முடிவெடுத்தல், 30 முதல் 40 பேரிடம் முன்னோட்டம் பார்த்து, கேள்வியை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று விசாரித்தல். இன்றும் பல்கலைக்கழக ஆய்வேடுகள் பெரும்பாலும் இந்த வரிசையைத்தான் பின்பற்றுகின்றன.

படிகளுக்கு அடியில் இருந்த கோட்பாட்டை 1998-இல் மைக்கேல் ஹெர்ட்மன், ஜூலியா ஃபாக்ஸ்-ரஷ்பி, சேவியர் பதியா மூவரும் தெளிவாக்கினர். சமன்மை என்ற ஒரு சொல்லுக்குள் ஆறு தனி வினாக்கள் இருப்பதாக அவர்கள் காட்டினர். வாழ்க்கைத் தரம் என்ற கருத்தே அந்தச் சமூகத்தில் அதே பகுதிகளைக் கொண்டதா? ஒவ்வொரு கேள்வியும் அங்கே பொருந்துமா, கேட்கத் தக்கதா? பொருள் மாறாமல் பெயர்ந்திருக்கிறதா? கேட்கும் முறை ஒத்துவருமா? அளவீட்டுத் தன்மை ஒன்றாக இருக்கிறதா? இவை அனைத்தும் கூடிக் கருவி அதே பணியைச் செய்கிறதா?

இவற்றுள் கேட்கும் முறை எளிதாகத் தோன்றி அதிகம் இடறவைப்பது. நோயாளியே படித்து, தனியாக உட்கார்ந்து நிரப்புவதற்கென எழுதப்பட்ட தாளை, எழுத்தறியாதவரிடம் ஊழியர் வாய்விட்டுப் படித்துக் காட்டினால், அங்கே புதிதாக ஓர் ஆள் நுழைகிறார். அவர் மருத்துவமனை ஊழியராக இருந்தால் குறை சொல்ல நோயாளி தயங்குவார். பக்கத்தில் மகனோ மருமகளோ நின்றால் தனிமை பற்றிய கேள்விக்கு வரும் பதில் வேறாகும். பாலுறவு பற்றிய கேள்வி பல ஆசிய நாடுகளில் பதில் இன்றியே விடப்பட்டது. அதில் ஒரு சொல்லும் தவறாகப் பெயர்க்கப்படவில்லை. கேட்ட சூழல்தான் ஒத்துவரவில்லை.

பதினைந்து ஊர்களில் ஒரே நேரத்தில்

ஓர் ஊரில் எழுதி மற்ற ஊர்களுக்குக் கொண்டுபோவதற்குப் பதிலாக, எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் எழுதுவது என்ற வழியை உலக சுகாதார நிறுவனம் 1991-இல் தொடங்கியது. மெல்போர்ன், சாக்ரெப், பாரிஸ், தோக்கியோ, பாங்காக், பனாமா நகரம், ஹராரே, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் உள்ளிட்ட பதினைந்து மையங்கள் அதில் பங்கேற்றன. இந்தியாவிலிருந்து புது தில்லியும் அப்போது மெட்ராஸ் என்று அழைக்கப்பட்ட சென்னையும் இருந்தன. ஆகவே இந்த அளவுகோல் உருவான மொழிகளில் தொடக்கத்திலிருந்தே தமிழும் ஒன்று.

ஒவ்வொரு மையத்திலும் நோயாளிகள், நலமாக இருப்பவர்கள், மருத்துவப் பணியாளர்கள் ஆகியோரைக் குழுக்களாக உட்காரவைத்து, நல்ல வாழ்க்கைக்கு எவையெவை வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். அந்தப் பேச்சிலிருந்து அந்தந்த மொழியிலேயே கேள்விகள் எழுதப்பட்டன. எல்லா மையங்களின் கேள்விகளும் ஒன்றுசேர்ந்தபோது சுமார் 1,800 இருந்தன. வடிகட்டி 236 ஆக்கி, ஒவ்வொரு மையத்திலும் குறைந்தது 300 பேரிடம் கேட்டுப் பார்த்தனர். இறுதியில் 24 கூறுகளுக்கு நான்கு நான்காக 96, பொதுவாக நான்கு, ஆக 100 கேள்விகள் நின்றன. மேற்கத்தியப் பட்டியல்கள் பெரும்பாலும் தொடாத ஆன்மிகமும் சுற்றுச்சூழலும் இதில் தனித்தனிப் பகுதிகளாக இடம் பெற்றன. 1990-களின் இறுதியில் வந்த சுருக்க வடிவத்தில் 26 கேள்விகள்.

பதில் சொற்களைத் தேர்ந்த முறை இத்திட்டத்தின் தனிச்சிறப்பு. ‘ஒருபோதும் இல்லை’, ‘எப்போதும்’ போன்ற இரு முனைகளை மட்டும் பெயர்த்துக்கொண்டார்கள். இடையில் வரக்கூடிய சொற்களை அந்த மொழியிலிருந்தே திரட்டினார்கள். பிறகு சாதாரண மக்கள் இருபது பேரிடம் பத்து சென்டிமீட்டர் நீளக் கோடு ஒன்றைக் கொடுத்து, ‘எப்போதாவது’, ‘சில சமயம்’, ‘அடிக்கடி’ போன்ற ஒவ்வொரு சொல்லும் அந்தக் கோட்டில் எங்கே விழும் என்று புள்ளி வைக்கச் சொன்னார்கள். சராசரி 20-30 மில்லிமீட்டரில் விழுந்த சொல் இரண்டாம் படிக்கும், 45-55-இல் விழுந்தது நடுப்படிக்கும், 70-80-இல் விழுந்தது நான்காம் படிக்கும் எடுத்துக்கொள்ளப்பட்டது. அகராதி தீர்மானிக்கும் இடத்தில் மக்கள் வைத்த புள்ளி தீர்மானித்தது.

உள்ளூர்க் கேள்விகளைச் சேர்க்கவும் இதில் இடம் இருந்தது. தைவான் தன் வடிவத்தில் பிறர் மதிப்பைப் பெறுவது பற்றி ஒன்றும், விரும்பியதை உண்ண முடிகிறதா என்று ஒன்றும் சேர்த்து 26-ஐ 28 ஆக்கியது.

மதுரையில் கேட்ட கேள்விகள்

கண்புரை நோயாளிகளின் பார்வைத் திறனை அளக்க அமெரிக்காவில் 1994-இல் வந்த வி.எஃப்.-14 என்ற பட்டியல் 14 செயல்களைக் கேட்கிறது. செய்தித்தாள் படித்தல், காசோலை எழுதுதல், சீட்டாட்டம், பவுலிங், டென்னிஸ், பகலில் கார் ஓட்டுதல், இரவில் கார் ஓட்டுதல் ஆகியவை அவற்றில் அடக்கம். எழுத்தறியாத, கார் ஓட்டாத, கிராமத்து மூதாட்டி ஒருவருக்கு இதை எவ்வளவு நல்ல தமிழில் பெயர்த்தாலும் பாதிக்கு மேல் ‘பொருந்தாது’ என்றுதான் வரும்.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1990-களில் ஒரு நடைமுறைக் கேள்வியை எதிர்கொண்டது. புரையை எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி கொடுக்கும் பழைய முறை மலிவு. கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கும் புதிய முறைக்குச் செலவும் பயிற்சியும் அதிகம். 1992-இல் அங்கேயே ஆரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி லென்ஸ் தயாரித்ததால் விலை இறங்கியது. ஆயிரக்கணக்கான ஏழை நோயாளிகளுக்கு அது உண்மையில் கூடுதல் நன்மை தருமா என்று அறிய, அவர்கள் வாழ்க்கையை அளக்கும் கருவி ஒன்று தேவைப்பட்டது.

ஆஸ்ட்ரிட் ஃப்ளெட்சர், லியான் எல்வைன் ஆகியோரும் அரவிந்தின் ஆர்.டி. துளசிராஜ் உள்ளிட்டோரும் சேர்ந்து உருவாக்கிய இரு பட்டியல்கள் 1997-இல் வெளியாயின. வெளியூர்ப் பட்டியலைத் தமிழாக்குவதை விடுத்து, தென்தமிழகத்து நோயாளிகளோடு குழுக் கலந்துரையாடல் நடத்தி, பார்வை போனதால் எது எது நின்றுபோனது என்று கேட்டதிலிருந்து அவை பிறந்தன. ஒன்று பார்வையின் செயல்பாட்டை அளந்தது: வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போனால் கண் பழக எவ்வளவு சிரமம், பக்கவாட்டில் வருவது தெரிகிறதா, தூரத்தைக் கணிக்க முடிகிறதா என்பவை போன்றவை. மற்றொன்று வாழ்க்கையை அளந்தது: குளித்தல், உண்ணுதல், உடுத்துதல், அக்கம்பக்கத்து வீட்டுக்கும் கடைக்கும் நடந்து போதல், விசேஷங்களுக்குப் போய்வருதல், பிறருக்குப் பாரமாகிவிட்டோம் என்ற உணர்வு.

இந்தக் கருவிகளைக் கொண்டு 3,400 நோயாளிகளிடம் நடந்த மதுரை உள்விழி லென்ஸ் ஆய்வு 1998-இல் வெளியானது. இரு முறைகளும் பார்வையையும் வாழ்க்கையையும் பெரிதும் மேம்படுத்தின; உள்விழி லென்ஸ் பெற்றவர்களிடம் முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. அதே ஆண்டில் வெளியான, நேபாளத்திலும் சீனாவின் ஷுன்யி வட்டாரத்திலும் நடந்த கண்புரை ஆய்வுகள் இதே பட்டியல்களைத் தத்தம் மொழியில் பயன்படுத்தின. மதுரையில் பிறந்த கேள்விகளையும் புதிய மண்ணில் மறுபடி சோதிக்க வேண்டியிருந்தது. மூலம் எங்கே பிறந்தாலும் இந்த விதியிலிருந்து அதற்கு விலக்கு இல்லை.

எண்கள் சொல்லும் சாட்சி

மொழி வேலை முடிந்த பட்டியல் பிறகு எண்களால் சோதிக்கப்படுகிறது. ஒரே பொருளைக் கேட்கும் கேள்விகள் ஒன்றோடொன்று இசைகின்றனவா என்பதற்கு லீ குரோன்பாக் 1951-இல் வகுத்த ஆல்ஃபா கெழு. குழுக்களை ஒப்பிட 0.7-க்கு மேல் இருந்தால் போதும் என்பது நடைமுறை. உடல்நிலை மாறாதவரிடம் ஓரிரு வாரம் கழித்து மறுபடி கேட்டால் கிட்டத்தட்ட அதே மதிப்பெண் வருகிறதா என்பது நம்பகத்தன்மைச் சோதனை. நோய் முற்றியவருக்கும் லேசாக உள்ளவருக்கும் மதிப்பெண் வேறுபடுகிறதா, சிகிச்சைக்குப் பின் மதிப்பெண் நகர்கிறதா என்பவை ஏற்புடைமைச் சோதனைகள்.

இன்னும் கடுமையான சோதனை, மூல மொழியில் எந்தக் கேள்விகள் ஒன்றாகக் கூடினவோ அதே கேள்விகள் புதிய மொழியிலும் கூடுகின்றனவா என்பது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எஸ்.எஃப்.-36-இன் எட்டு அளவுகோல்கள் உடல், மனம் என்ற இரு கூறுகளாகப் பிரிந்தன. ஜப்பானில் அப்படிப் பிரியவில்லை. வேலையிலும் சமூகத்திலும் தன் பங்கை நிறைவேற்றுவது அங்கே மூன்றாவது கூறாகத் தனித்து நின்றது. பிறகு ஜப்பானுக்கென மூன்று கூறுகள் கொண்ட மதிப்பெண் முறையே வகுக்கப்பட்டது. மொழிபெயர்ப்பில் பிழை இல்லாதபோதும் வாழ்க்கையின் அமைப்பு வேறாக இருக்கலாம் என்பதற்கு இது வலுவான சான்று.

தனிக் கேள்விகளின் ஓரவஞ்சனையைக் கண்டுபிடிக்கவும் முறை வந்தது. மொத்த மதிப்பெண் ஒன்றாக உள்ள இரு மொழியினரை எடுத்து, குறிப்பிட்ட ஒரு கேள்வியில் மட்டும் ஒரு மொழியினர் தொடர்ந்து விலகுகிறார்களா என்று பார்ப்பார்கள். பதின்மூன்று நாடுகளின் நுரையீரல் புற்றுநோயாளிகள் 305 பேரிடம் சோதித்து 1993-இல் வெளியான ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் க்யூ.எல்.க்யூ.-சி30 பட்டியலில், மோர்டன் பீட்டர்சன் குழுவினர் 2003-இல் இவ்வாறு ஒன்பது மொழிபெயர்ப்புகளை ஆங்கிலத்தோடு ஒப்பிட்டனர். ஆண்டுக்கணக்கில் பயன்பட்டு வந்த மொழிபெயர்ப்புகளில் கூடத் திருத்த வேண்டிய சொற்கள் இருக்கக்கூடும் என்பதை அது காட்டியது.

தமிழும் அண்டை மொழிகளும்

தென்னாசியாவில் இந்தப் பணி புற்றுநோய் மருத்துவத்தில் வேகம் பெற்றது. மார்பகப் புற்றுநோயாளிகளுக்கான பட்டியல் ஒன்றின் மலையாள வடிவத்தைத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 2002-இல் சோதித்து வெளியிட்டது. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம் தன் நோயாளிகளுக்கெனத் தானே உருவாக்கிய பட்டியலின் ஏற்புடைமையை 2005-இல் வெளியிட்டது. க்யூ.எல்.க்யூ.-சி30-இன் சிங்கள வடிவம் இலங்கையில் சோதிக்கப்பட்டு 2008-இல் வந்தது.

1987-இல் ராட்டர்டாமில் கூடிய யூரோக்வால் குழுவின் ஈ.க்யூ.-5டி மிகச் சிறியது: நடமாட்டம், தன் வேலையைத் தான் செய்துகொள்ளுதல், அன்றாடக் காரியங்கள், வலி, மனக்கவலை என ஐந்தே கேள்விகள். சிங்கப்பூரில் இதன் மலாய், தமிழ் வடிவங்களின் ஏற்புடைமை ஆய்வு 2007-இல் வெளியானது. ஒரே தமிழானாலும் இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் தனித்தனி வடிவங்கள் உள்ளன. பேச்சு வழக்கும் மருத்துவமனையின் நடைமுறையும் நாட்டுக்கு நாடு மாறுவதே காரணம்.

இந்தப் பட்டியலில் மொழிபெயர்ப்புக்கு அப்பால் இன்னொரு வேலையும் உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று பதில் படிகள் கொண்ட வடிவம் 243 உடல்நிலைகளை விவரிக்கிறது. ஐந்து படிகள் கொண்டது 3,125. ஒவ்வொரு நிலையும் எவ்வளவு கொடியது என்று அந்த நாட்டு மக்களிடமே கேட்டு மதிப்பு நிர்ணயிக்க வேண்டும். நடக்க முடியாமையும் தீராத வலியும் எந்த அளவு வாழ்க்கையைக் குறைக்கின்றன என்பதில் பிரிட்டிஷ் குடிமக்களின் கணிப்பைக் கொண்டு இந்தியச் சிகிச்சைகளைத் தீர்மானிப்பது நியாயமாகாது. பல மாநில மக்களிடம் கேட்டு இந்தியாவுக்கெனத் தயாரான மதிப்புத் தொகுப்பு 2022-இல் வெளியானது.

வகுத்த விதிகள்

2005-இல் மருந்துப் பொருளாதாரம், சிகிச்சை விளைவு ஆய்வுகளுக்கான சர்வதேசச் சங்கம் மொழிபெயர்ப்புக்கும் பண்பாட்டுத் தழுவலுக்கும் பத்துப் படிகளை வகுத்தது. பல மொழி வடிவங்களை ஒருசேர வைத்து ஒத்துப்பார்த்தல், நோயாளியிடம் ஒவ்வொரு கேள்வியாகப் புரிதலை விசாரித்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும். நோயாளியே சொன்ன பதிலை மருந்தின் பயனுக்குச் சான்றாக ஏற்பது பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி, மொழிபெயர்ப்பு நடந்த விதத்துக்கும் ஆவணம் கேட்டது. நெதர்லாந்தை மையமாகக் கொண்ட காஸ்மின் குழு 2010-இல், ஏற்புடைமை ஆய்வுகளின் தரத்தையே மதிப்பிடும் சரிபார்ப்புப் பட்டியலைத் தந்தது.

இந்த விதிகளின்படி, ஒரு பட்டியல் ஒரு மொழியில் ஏற்புடையது என்று நிறுவப்பட்டால் அது அந்த மொழிக்கும், அந்த நாட்டுக்கும், அந்த வகை நோயாளிகளுக்கும் மட்டுமே பொருந்தும். படித்த நகர நோயாளிகளிடம் தேறிய தமிழ் வடிவம் கிராமத்து முதியோரிடம் மறுபடி சோதிக்கப்பட வேண்டும். புற்றுநோயாளிகளிடம் தேறியது மூட்டுவலிக்காரரிடம் புதிதாகத் தேற வேண்டும். பேச்சு வழக்கு மாற மாற, பழைய வடிவத்தையும் அவ்வப்போது எடுத்துப் பார்க்க வேண்டும். இந்தப் பாடு எல்லாம் ஒரு காரணத்துக்காகத்தான். தன் நிலையைத் தன் வாயால் சொல்லும் உரிமை நோயாளிக்குக் கிடைத்தபின், கேட்கப்பட்ட கேள்வியை அவர் சரியாகப் புரிந்துகொள்ளவும், அவர் சொன்ன பதிலை மற்றவர்கள் சரியாகப் புரிந்துகொள்ளவும் வழிசெய்வது கேட்பவர்களின் கடமையாகிறது.